நடந்ததை முதலில் சொல்லும் மொழி

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் கெட்ட செய்தி கிடைக்காது. நல்ல செய்தி சுடச்சுட வரும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று தட்டிக்கழிக்காமல் நெல்லை எடுத்துக்கொண்டார்கள், தம்பி மகன் பரீட்சையில் தேறினான் என்பதெல்லாம் காலைக் காப்பியோடு வந்துவிடும். மோட்டார் காயில் எரிந்தது, மைத்துனருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது, வாய்க்கால் கரை உடைந்தது ஆகியவை வராது. எல்லாம் முடிந்து நேரான பிறகு "சரியாயிடுச்சு" என்று நல்ல செய்தியாகத்தான் வரும். அதற்குள் நான் டீக்கடையில் கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

இதற்கெல்லாம் காரணம் மஸ்கட். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பிப் போன நான், பதினெட்டு வருஷம் அங்கே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். அந்த வருஷங்களில் சொந்த நிலத்தையும் குத்தகை நிலத்தையும் என் மனைவி தனியாகப் பார்த்துக்கொண்டாள். நாற்றங்கால் போடுவதிலிருந்து அறுவடை மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுவரை எல்லாம் அவள்தான். அக்கரையில் தனியாகக் கிடக்கிற மனுஷனை எதற்குப் பதற வைக்க வேண்டும் என்று, போனில் நல்லதை மட்டும் பேசுவதாக அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கிற எந்த வீட்டிலும் எங்கள் பக்கம் இதுதான் சட்டம்.

நான் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்த பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் மஸ்கட்டுக்குப் பேசுவது போலவே பேசினார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டு மனுஷன் என்றால் கஷ்டத்தையும் அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லாதவரைக்கும் அவன் விருந்தாளிதான், எத்தனை வருஷம் சாப்பிட்டாலும். இப்படியே விருந்தாளியாகவே காலத்தை ஓட்டிவிடுவேனோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான்.

"சொன்னா நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

அவள் கேட்பதும் நியாயம்தான். வயலில் எனக்குக் கோரைக்கும் நெற்பயிருக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் கேட்கக்கூடாது.

எனக்குத் தெரிந்தது அரபி. கடைக்குப் போன புதிதில் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்குகிற வேலை. அட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிக்காவிட்டால் சமையல் புத்தகம் சட்டப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்துவிடும். அதனால் படித்தேன். கடை மேனேஜர் எகிப்துக்காரர், பேச்சுப் பிரியர். நாவல் ஒன்று விற்றால் வாங்கியவர் வாசலைத் தாண்டுவதற்குள் அதன் கதையை என்னிடம் ஆரம்பித்துவிடுவார். பாதிக் கதையில் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுவார். மீதிக் கதையைத் தெரிந்துகொள்ள எனக்கிருந்த ஒரே வழி படிப்பதுதான். கடை மூடியிருக்கும் மதிய நேரங்களில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, முதலில் மாட்டுவண்டி வேகத்திலும் பிறகு பாசஞ்சர் ரயில் வேகத்திலும் படித்தேன். ஊருக்கு வரும்போது எல்லோரும் டி.வி. கொண்டுவருவார்கள். நான் ஒரு பெட்டி நாவல் கொண்டுவந்தேன். அன்றைக்கு என் மனைவி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

ஊரில் அந்தப் புத்தகங்களால் எனக்குப் புது மரியாதை கிடைத்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால் அரை நாவலே படித்துவிடலாம் என்று எப்போதும் ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். ஒருநாள் கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் புத்தகத்தை விரித்ததும், கடைக்காரர் ஓடி வந்து மேஜையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவையும் துடைத்து, "வைங்க சார், சுத்தமா இருக்கு" என்று பயபக்தியோடு ஒதுங்கி நின்றார். அரபி எழுத்து என்றாலே அவருக்கு வேதம்தான். நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஒரு மாமியார் மருமகளை, காது கூசும்படி திட்டிக்கொண்டிருந்தாள். அதை எப்படி அவரிடம் சொல்வது? டீயைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் குடித்தேன்.

மனைவிக்குக் கதை சொல்ல ஆரம்பித்தது தற்செயலாகத்தான். தாளடி உளுந்தெல்லாம் எடுத்து முடித்து, வயலில் வேலை இல்லாத கோடைக்காலம். சாயங்காலம் கொல்லைப் படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல? வாய்விட்டுத்தான் படிங்களேன்" என்றாள்.

நான் கையில் வைத்திருந்தது தெற்கு ஈராக்கில் நடக்கிற கதை. நாணல் காடும் சதுப்பும் எருமையுமாக இருக்கிற ஒரு நெல் விளையும் ஊர். அங்கே ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றிப் போகிற ஒரு படகுக்காரி. அரபு தேசம் என்றால் மணலும் ஒட்டகமும் என்று நினைத்திருந்தவள், நாற்று நடுகிறார்கள் என்றதும் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்கயும் நடவா? கையாலயா, மெஷினா?"

அன்று பிடித்துக்கொண்டது. தினமும் டீ குடித்தானதும் அவளே புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

அரபியைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாயால் சொல்வது எளிதில்லை. அந்த மொழி கதை சொல்லும்போது பெரும்பாலும் வினையை முதலில் வைக்கும். 'வெளியே வந்தான்' என்று முதலில் சொல்லிவிட்டு, யார், எங்கிருந்து, எதற்கு என்பதையெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வைக்கும். நாம் நேர் எதிர். யார், எங்கே, எதற்கு, எப்படி என்று எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்த பிறகுதான் வினையைப் பரிமாறுவோம். ஆகவே நான் அரபி வாக்கியத்தின் கடைசிவரை கண்ணால் ஓடி, திரும்பி வந்து, வால் பக்கமிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் அவள் பொறுமை இழந்துவிடுவாள். சரியென்று சில நாள் இருப்பது இருக்கிறபடி சொல்லிப் பார்த்தேன்.

"வந்தான்" என்றேன்.

"யாரு?"

"ஆம்பளைங்க. ஊர் ஆம்பளைங்க எல்லாரும்."

"வந்தாங்கன்னு சொல்லுங்க."

"அங்க அப்படித்தான். வினை முன்னாடி வந்துட்டா ஒருமையிலதான் நிக்கும். பின்னாடி ஊரே வந்தாலும்."

"யாரு வர்றாங்கன்னு தெரியாமயே கதவத் திறந்து விடுற மாதிரில்ல இருக்கு" என்றாள். இலக்கணப் புத்தகங்களில் இதை இவ்வளவு சுருக்கமாக நான் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கல், உயிரெழுத்து ஒலியைக் காட்டும் குறிகளை அச்சில் போட மாட்டார்கள். 'கொன்றான்' என்பதற்கும் 'கொல்லப்பட்டான்' என்பதற்கும் கண்ணுக்குத் தெரிவது அதே மூன்று எழுத்து. மேலே படித்துப் போனால்தான் யாருக்கு என்ன ஆயிற்று என்று பிடிபடும். ஒரு பண்ணையாருக்கும் அவருடைய காவல்காரனுக்கும் நாணல் காட்டில் சண்டை நடந்த இடத்தில் இதில் மாட்டிக்கொண்டேன்.

"காவக்காரன் கொன்னானா, செத்தானா?"

"கொஞ்சம் இரு. பாத்துச் சொல்றேன்."

"உயிர் போற விஷயம், பாத்துச் சொல்றாராம்."

ஆனால் நமக்கும் அந்த மொழிக்கும் சில இடங்களில் நல்ல உறவு உண்டு. 'வந்தாள்' என்ற ஒற்றைச் சொல் நமக்கு முழு வாக்கியம். அவர்களுக்கும் அப்படியே. வந்தது பெண் என்பது வினையின் வாலிலேயே இருக்கிறது. 'வீடு பெரியது' என்று நாம் சொல்வது போலவே, நடுவில் வேறு ஒரு சொல்லைத் தேடாமல் அவர்களும் சொல்லி முடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த நீள வாக்கியம். முற்றுப்புள்ளியைக் கஞ்சன் காசு எடுப்பது போல எடுப்பார்கள். ஒரு வினைக்குப் பின்னால் 'வ' என்று ஒரு கொக்கி, அதில் அடுத்த வினை, மறுபடி கொக்கி. எழுந்தாள், முகம் கழுவினாள், படகை அவிழ்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியை வைதாள், துடுப்பை எடுத்தாள் என்று அரைப் பக்கம் போகும். இதைத் தமிழில் சொல்ல எனக்குச் சிரமமே இல்லை. எழுந்து, கழுவி, அவிழ்த்து, வைது என்று எச்சத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டே போகலாம். 'இது எங்க சின்னம்மா பேசுற மாதிரியே இருக்கு' என்று அவள் அந்த இடங்களை மட்டும் திரும்பச் சொல்லச் சொல்வாள்.

அந்தக் கொக்கிகளிலும் தினுசு உண்டு. 'ஃப' என்று வந்தால் அடுத்தது உடனே நடந்தது என்று பொருள். அடித்தான், ஃப, அழுதாள். 'ஸும்ம' என்றால் நடுவில் ஒரு இடைவெளி. அழுதாள், ஸும்ம, சிரித்தாள். எவ்வளவு நேரம் கழித்துச் சிரித்தாள் என்று ஆசிரியர் சொல்ல மாட்டார். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு மத்தியானமே போயிருக்கலாம். 'அப்புறம்' என்று போட்டால் சப்பென்றிருந்தது. நான் அந்த இடங்களில் ஒரு மடக்கு தண்ணீர் குடித்துக்கொள்வேன். அவளும் புரிந்துகொண்டு வெங்காயத் தோலை ஊதித் தள்ளுவாள்.

உரையாடலுக்கு மட்டும் நான் அதிராம்பட்டினத்துக்குப் போன் போடுவேன். மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர். இளம் வயதில் அரபிக் கல்லூரியில் ஓதியவர், இலக்கணம் விரல் நுனியில். பிற்பாடு ஈராக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்ததால் அந்த ஊர்ப் பேச்சும் தெரியும். கதை சொல்லும்போது ஏட்டு அரபியில் சொல்லிக்கொண்டு போகிற ஆசிரியர், ஆட்கள் வாயைத் திறந்தால் சேற்று மணத்தோடு ஊர்ப் பேச்சில் இறங்கிவிடுவார். அங்கே என் படிப்பு செல்லாது. நாவல் இரண்டு பாகம். இரண்டாம் பாகத்தை என்னிடம் இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர் அவர்தான், திருப்பித் தரும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை.

என் மனைவிக்கு அந்தப் படகுக்காரியை ரொம்பப் பிடித்துவிட்டது. யாருக்கும் அடங்காதவள், வாய்க்காரி, ஆனால் பிரசவ வலி கண்டவளை வெள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனவள். வயலில் ஆட்கள் வேலைக்கு லேட்டாக வந்தால், 'இந்நேரம் அவளாயிருந்தா துடுப்பாலயே போட்டிருப்பா' என்று என்னிடம் சொல்வாள். எனக்குப் பெருமை தாங்காது. எங்கள் வீட்டில் நான் கொண்டுவந்து சேர்த்த ஆட்களிலேயே அவளுக்குப் பிடித்தது இவள் ஒருத்திதான்.

ஒருநாள் சாயங்காலம் புது அத்தியாயத்தைத் திருப்பினேன். முதல் சொல், 'மாத்தத்'. இறந்தாள்.

முன் எச்சரிக்கை எதுவும் இல்லை. வினையின் வால், பெண் என்பதை மட்டும் சொல்லியிருந்தது. கதையில் முக்கியமான பெண்கள் இரண்டே பேர். இது அந்தப் பண்ணையார் சம்சாரமாக இருந்துவிடக்கூடாதா என்று அடுத்த சொல்லுக்குப் போகாமல் ஒரு கணம் நின்றேன். போனேன். படகுக்காரிதான்.

"ம், சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "படகுக்காரி அன்னைக்கு விடியக்காலம், பனி பெய்யுற நேரத்துல, நாணல் காட்டு ஓரமா..." என்று இழுத்தேன். அரபியில் முதல் சொல்லிலேயே காரியம் முடிந்துவிட்டது. தமிழிலோ வினை கடைசியில்தான் வர வேண்டும், அதுவரை எது வேண்டுமானாலும் ஆகலாம். ஆவலோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தேன்.

"...படகுல ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனா" என்று முடித்துவிட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பழக்கம்தான். செத்த செய்தியை யாரும் யாருக்கும் நேராகச் சொல்லிப் பார்த்ததில்லை நான். என் அப்பா இறந்தபோது தம்பி போனில், "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, லீவு கெடச்சா வா" என்றான். மனைவி வாங்கி, கத்தரிக்காய் போட்டு வத்தக்குழம்பு வைத்ததையும், அப்பளம் பொரித்ததையும், தயிர் நன்றாகத் தோய்ந்ததையும் சொன்னாள். என் அறையிலிருந்த அத்தனை பேருக்கும் ஏற்கெனவே விஷயம் தெரியும். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே என் பெட்டியை அடுக்கிக் கொடுத்தார்கள். திருச்சியிலிருந்து வந்த கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் வாசலில் போட்டிருந்த பந்தல்தான் எனக்குச் செய்தி சொன்னது. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனாலும் என் முறை வந்ததும் நானும் அதையே செய்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு பாடு என்பது மறுநாளிலிருந்து தெரிந்தது. புத்தகத்தில் ஊரே அழுதுகொண்டிருந்தது. ஏன் அழுகிறார்கள் என்று கேட்டாள். எருமை செத்துவிட்டது என்றேன்.

"எந்த எரும? செனையா இருந்துச்சே, அதா?"

"ஆமா, அதான்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்கடுத்த நாள் புத்தகத்தில் அந்த எருமை கன்று போட்டது. அந்தப் பக்கத்தை அப்படியே தாண்ட வேண்டியதாயிற்று. படகை வேறொருவன் ஓட்டிக்கொண்டு வந்தான், அதற்காகப் படகுக்காரிக்குக் கண்ணில் புரை விழுந்து பஸ்ராவுக்கு ஆபரேஷனுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். பஸ்ராவில் அவளைச் சும்மா வைத்திருக்க முடியுமா? மீன் குழம்பு சாப்பிட வைத்தேன், ரொட்டி சாப்பிட வைத்தேன், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். நாவலாசிரியர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று கதை இரண்டு கிளை ஆறாகப் பிரிந்து ஓடியது. நண்பருக்குப் போன் செய்து யோசனை கேட்டேன்.

"ஏந்தம்பி, அந்தப் பொம்பள மௌத்தாகி, அடக்கமும் பண்ணியாச்சு. நீ அதை எழுப்பி ஆஸ்பத்திரியில சேத்திருக்கியே" என்றார். அவர் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்தவர்கள் என்ன என்று விசாரிப்பது போனிலேயே கேட்டது. "ரெண்டாம் பாகத்துல அவ மகன் அவ கபுர்ல, அடக்குன எடத்துல, வந்து நிக்கிறான். அதுக்கு என்ன பண்ணப் போற?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம், படகுக்காரி பஸ்ராவில் என்ன வகைக் கஞ்சி குடித்தாள் என்று நான் வர்ணித்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி நிறுத்தினாள்.

"அவ செத்துட்டா, இல்ல?"

"யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்ல வேணாம். நாலஞ்சு நாளா அவ என்ன சாப்ட்டான்னே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. மறைக்கிறவங்கதான் சாப்பாட்டப் பத்தி இவ்ளோ பேசுவாங்க. நான் பேசாத பேச்சா?"

அவள் வெங்காயத்தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அந்தப் பக்கத்த எடுங்க. அதுல எப்படி இருக்கோ அப்படியே சொல்லுங்க."

எடுத்தேன். முதல் சொல்லை முதலிலேயே சொன்னேன். இறந்தாள். பிறகுதான் அவள் பெயர், பிறகு பனி, பிறகு கரையில் கட்டிய படகிலேயே துடுப்பை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது, கடைசியில் காலையில் சவாரிக்கு வந்து எழுப்பிப் பார்த்தவர்கள். தமிழில் அந்த வாக்கியம் கட்டை வண்டி போலக் குலுங்கியது. ஆனால் ஒன்று கவனித்தேன். இறந்தாள் என்பது முதலில் வந்துவிட்டதால், மற்ற எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்க முடிந்தது. அடுத்து என்ன ஆகுமோ என்ற படபடப்பு இல்லை. பனியும் துடுப்பும் படகும் ஒவ்வொன்றாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தன. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்கக்கூட இல்லை.

"நல்ல சாவுதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எரும?"

"எரும நல்லா இருக்கு. கன்னு போட்டிருக்கு."

"அத மொதல்ல சொல்லக்கூடாதா? அதுக்கு வேற இத்தன நாளா சங்கடப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். கதையில் வருகிற ஒரு பொம்பளை விஷயத்தையே மறைக்கக்கூடாது என்கிறாயே, நம் வீட்டு விஷயத்தை என்னிடம் மறைக்கிறாயே, அது மட்டும் எப்படி என்றேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவளும் சூடாகத்தான் பதில் சொன்னாள். "நீங்க அங்க இருந்தப்ப மோட்டார் எரிஞ்சுச்சுன்னு சொன்னா, ராத்திரி பூரா தூங்காம நூறு தடவ போன் பண்ணுவீங்க. மோட்டாரப் பாக்கறதா, உங்களப் பாக்கறதா? எனக்கு வேல ரெண்டாகும். அதுக்குத்தான் சொல்றதில்ல. உங்க மேல உள்ள பரிதாபத்துலன்னு நெனச்சீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், இத்தனை வருஷமாக.

"இப்ப இங்கதான இருக்கேன்" என்றேன். "எனக்கு வயல் வேல தெரியாது, சரி. கூட நிக்கத் தெரியும். செத்தது எதுவா இருந்தாலும் செத்துச்சுன்னு மொதல்ல சொல்லு. மிச்சத்த அப்புறம் சொல்லு."

"பாக்கலாம்" என்றாள். தட்டை இழுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இது எங்கள் ஊர் கூட்டுறவு வங்கிவரை எல்லோருக்கும் தெரியும்.

முதல் பாகம் அந்தக் கோடையோடு முடிந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது, அவள் வயலுக்குப் போய்விட்டாள், சம்பா நாற்று விட்டு நட்டு முடிக்கிறவரை கதைக்கு நேரமில்லை. அந்த இடைப்பட்ட மாதங்களில் டிராக்டர்காரரோடு நடந்த தகராறும், நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம் நின்றுபோனதும் எனக்கு டீக்கடை வழியாகத்தான் வந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. மேஜை துடைக்கிறவரிடம் செய்தி வாங்கிக்கொண்டு வருவதுதான் என் தலையெழுத்து போலிருக்கிறது என்று ஒருமாதிரி பழகிக்கொண்டேன். மனசுக்குள் மட்டும் குமைச்சல் இருந்தது.

ஐப்பசியில், நடவு பச்சை பிடித்த பிறகு, இரண்டாம் பாகத்தை எப்படியாவது பிடுங்கிக்கொண்டு வருவது என்று அதிராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். அன்று முன்னிரவிலிருந்தே மழை. போய்ச் சேர்ந்ததும் நண்பர் விடவில்லை, தங்கிவிட்டேன். காலையில் கடைக்குப் போனோம். மழையில் ஒரு வாடிக்கையாளர் இல்லை. நண்பர் மேஜைக்கடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, கொடுக்க மனசில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, முதல் பக்கத்து வினைகளை எனக்குப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் கபுரில் வந்து நிற்கிற இடம். நடந்து முடிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்த ஆசிரியர் அந்த இடத்தில் மட்டும் நிகழ்காலத்துக்கு மாறியிருந்தார். "நின்னான்னு எழுதலாம்ல? நிக்கிறான்னு எழுதுறாரு பாரு. இன்னும் நிக்கிறான் தம்பி, நாம படிக்கிற வரைக்கும் நிக்கிறான்" என்றார்.

அப்போது என் போன் அடித்தது. மனைவி.

"மூழ்கிடுச்சுங்க."

பின்னால் மழைச் சத்தம் கேட்டது. காற்றும் கேட்டது.

"கீழப்பங்கு வயல் மொத்தமும் தண்ணிக்குள்ள இருக்கு. பயிரோட நுனிகூடத் தெரியல. வடிகால்ல ஆகாயத்தாமர வந்து அடைச்சுக்கிட்டு, தண்ணி எதுத்துக்கிட்டு நிக்குது. வரப்புலேருந்துதான் பேசறேன்."

"அழுவுறியா?"

"அழுவாம என்ன பண்ணுவாங்க?"

அவள் போனில் அழுது நான் கேட்டதே இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. நூறு கேள்வி கேட்க வந்த வாயைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் என்ன செய்யட்டும்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். குரல் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. "கெளம்பி வாங்க. பட்டுக்கோட்டையில எறங்கி இன்ஜினுக்கு ஓஸ் பைப் வாங்கிக்கிட்டு வாங்க, நம்மளது கிழிஞ்சு கெடக்கு. தாமரைய அறுத்து விட ஆள் சேக்கணும், வடிகால்ல எறங்கி நிக்கணும். நீங்களும் எறங்கணும். ரெண்டு மூணு நாள்ல வடிச்சிட்டா பொழச்சுக்கும்."

"எறங்கறேன். தம்பிகிட்ட சொல்லிட்டியா, ஆளுக்கு?"

"இல்ல. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல. பாத்தவுடனே உங்களுக்குத்தான் போடறேன்."

போனை வைத்துவிட்டாள். நான் எழுந்து செருப்பைத் தேடினேன். நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்லேருந்தா? என்ன சேதி?"

"வயல் மூழ்கிடுச்சு பாய்."

"யா அல்லாஹ். அதுக்கு எதுக்குத் தம்பி பல்லக் காட்டுற?"

நான் சிரித்துக்கொண்டிருப்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"எங்கிட்ட சொல்லிட்டா பாய்" என்றேன்.